திருப்புளியில் வைத்த காது

திருப்புளியின் நுனியை ஓடும் மோட்டாரின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு பொருத்திக் கண்களை மூடிக்கொள்வார் பெரிய சகலை. ஐந்தே நொடி. "பேரிங் போச்சு. பின்பக்கத்துது" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். நீரேற்று நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் காது பிசகியதில்லை.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று புதியவர்கள் கேட்டால், "கேட்டா தெரியாதா?" என்பார். அதற்குமேல் ஒரு சொல் பெயராது. திருப்புளியை வாங்கிய ஆள் காதில் வைத்து விழிப்பதற்குள், அவருடைய கை நீண்டு அதைப் பறித்துவிடும்.

இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏணி இறங்கக்கூடாது என்பது மருத்துவர் வாக்கு. நிலையம் நியமிக்கவிருப்பதோ ஒரேயொரு பயிற்றுநரை. அந்த இடம் கிடைக்காவிட்டால் கிடங்கில் உட்கார்ந்து துருப்பிடித்த நட்டுகளைத் தரம் பிரிக்க வேண்டியதுதான். போட்டிக்கு நிற்பவர் வேற்றாளும் அல்லர். மனைவியின் தங்கை கணவர், அங்கேயே வேலை பார்க்கும் சின்ன சகலை. பாதிப் பழுதுகளுக்கு இவரைக் கூப்பிடுகிறவர்.

கைதேர்ந்தவர்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுக்கும் ஐந்து நாள் வகுப்புக்கு இருவரும் அனுப்பப்பட்டனர். பழகிப் பார்க்க ஒரு பழுதான மோட்டாரையும் புதிய பணியாளர்கள் சிலரையும் தந்து, நடத்திய அம்மையார் இட்ட விதி ஒன்றே: கற்பிப்பவர் கருவியைத் தொடலாகாது. பெரியவர் முதல் நாள் இரண்டாவது நிமிடத்தில் தொட்டார். மறுநாள் ஒன்றரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சின்னவரோ, "மழை பெய்யுற மாதிரி கேக்குதா, மிக்சி ஓடுற மாதிரியா? வாயால சத்தம் போட்டுக் காட்டுங்க" என்றார். கூடமே கொர்ரென்றும் சர்ரென்றும் சிரித்துக்கொண்டே ஒலித்தது. மாலைக்குள் நால்வர் பழுதைச் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வாசலில் சின்னவரை மடக்கினார்.

"என்ன சகலை, டான்ஸ் ஒண்ணுதான் பாக்கி."

"நீங்க தாளம் போட்டா ஆடிடலாம் சகலை."

"எனக்குத் தெரிஞ்சதுல கால்வாசி தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதனாலதான் அவங்க எந்த எடத்துல முழிப்பாங்கன்னு எனக்குத் தெரியுது."

வீட்டில் முறையிட்டுப் பார்த்தார். "எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தீங்களே" என்றார் மனைவி, துணியை மடித்தபடி. "கடைசி வரைக்கும் ஸ்டியரிங்கு யார் கையில இருந்துச்சு?"

ஐந்தாம் நாள் தேர்வு. புதிதாகச் சேர்ந்த பெண்மணி திருப்புளியைக் காதில் வைத்துத் திணறினார். பெரியவரின் வலக்கை எழுந்தது. முதுகுக்குப் பின்னே அதன் மணிக்கட்டை இடக்கையால் இறுகப் பற்றினார். பிறகு, கசப்பு மருந்தை விழுங்குபவர்போல், "மழையா, மிக்சியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல சார். மணலை மெல்லுற மாதிரி. பின்பக்கம்."

சரிதான். அம்மையார் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார். "நல்ல கேள்வி சார். நீங்களே யோசிச்சதா?"

சன்னலோரம் சின்ன சகலை நின்றிருந்தார். பெரியவர் மணிக்கட்டை விடவில்லை. முகவாயை மட்டும் சன்னல் பக்கமாக அரை அங்குலம் அசைத்தார்.