கேஸ் வருமுன் உயர்ந்த கை

சனிக்கிழமை காலைகளில் இன்னும் அந்த மொட்டைமாடி நினைவுக்கு வருகிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சமையல் எரிவாயு ஏஜென்சி. கீழே அலுவலகம், மேலே மாடி. வேதிப் பொறியியல் முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை, வீடுகளுக்குச் சிலிண்டர் போடுகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது. தென்சென்னையில் பல ஏஜென்சிகளுக்குப் போயிருக்கிறேன். மனதில் தங்கியது இது ஒன்றுதான்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் சுபாவம். அந்த மாடியில் பிடித்தவை என்று எழுதினால் இப்படி வரும்: தண்ணீர்த் தொட்டியின் நிழல். காக்கிச் சட்டைகள் அந்த நிழலுக்காகப் போடும் சண்டை. பத்து மணிக்குத் தூக்குவாளியில் வரும் டீ. எல்லோருடைய செல்போனும் அணைந்து கீழே மேஜையில் கிடப்பதால் கிடைக்கிற அமைதி. இப்போது ஏசி அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதும் பாதுகாப்பு அறிக்கைகளைப் படிக்கிறேன். அவற்றில் நிழலுக்காக யாரும் சண்டை போடுவதில்லை.

பயிற்சியின் கடைசியில் அவர்களே உண்டாக்கிய ஒரு வழக்கம் இருந்தது. தீர்ந்துபோன சிலிண்டர் ஒன்றை நடுவில் வைத்து, எல்லோரும் தள்ளி வட்டமாக நிற்பார்கள். வால்வின் நடுவில் இருக்கும் ஊசியை நான் ஒரு நொடி அழுத்துவேன். மிச்சமிருக்கும் கேஸ் லேசாகக் கசியும். வாசனை எட்டியதும் கை தூக்க வேண்டும். முதலில் தூக்கியவருக்கு அன்று முழுக்கப் பெருமை. மூக்குதான் தங்கள் மீட்டர் என்பது அவர்கள் எண்ணம். வாடிக்கையாளர் வீட்டிலும் குனிந்து வால்வை ஒரு தரம் முகர்ந்து, “ஓகேம்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் பட்டினப்பாக்கத்துக்காரர் ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘நைனா’. குடும்பம் கடலுக்குப் போகிறது. இவர் மட்டும் சிலிண்டர் வண்டிக்கு வந்துவிட்டார். சிலிண்டர்கள் அடுக்கிய கோடவுனின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அதே வண்டியில் போகும் கூட்டாளியை ‘பாய்’ என்பார்கள். வட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பாய் கை தூக்கியதும் நைனாவின் கையும் உயரும்.

ஒரு சனிக்கிழமை, மச்சினன் நிக்காஹ் என்று பாய் வரவில்லை. நான் குனிந்து வால்வின் மேல் விரலை வைத்தேன். இன்னும் அழுத்தவில்லை. நைனாவின் கை மேலே போய்விட்டது.

“இன்னா நைனா, கேஸ் வர்றதுக்கு முன்னாடியே மோந்துட்ட?” என்றார் ஒருவர்.

“மேடம் சென்ட் போட்டுகினு வந்துருப்பாங்க. அத்த மோந்துட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள், நைனாவும் சிரித்தார். ஆனால் அவர் கண் என் விரலிலேயே இருந்ததை நான் கவனித்திருந்தேன்.

டீ குடித்துவிட்டு மற்றவர்கள் இறங்கிய பிறகு அவரை நிறுத்தி, வாசனை தெரிவதில்லையா என்று கேட்டேன். மறுக்கவில்லை. கொரோனா காய்ச்சலில் போன வாசனை திரும்பவே இல்லை என்றார்.

“வூட்டுக்காரம்மா மீன் கடை போட்டுக்கினு கீது மேடம். பக்கத்துலயே குந்திக்கினு இருப்பேன். டீவில மீன் பாக்குற மாதிரி கீது.”

பாய்க்குத் தெரியும். வீடுகளில் அவன்தான் முகர்ந்து பார்ப்பான். மாமிக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். இதையெல்லாம் அவர் சிலிண்டரைப் பார்த்தபடியே சொன்னார். மாமி என்பது ஏஜென்சியின் உரிமையாளர், மயிலாப்பூர்க்காரர். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் தானே மாமியிடம் சொல்லிவிடுவதாக நைனா சொன்னார்.

அந்த ஒரு வாரமும் பூட்டிய கோடவுனைத் தினமும் காலையில் இவர் தனியாகத் திறப்பார். உள்ளே கேஸ் தேங்கியிருந்தால் இவருக்குத் தெரியாது. விளக்கு சுவிட்சில் கை வைப்பார்.

“இன்னைக்கே சொல்லிடலாம் அண்ணே. நானும் கூட வரேன்” என்றேன்.

இருவரும் மாமியின் மேஜைக்குப் படி இறங்கினோம்.

மாமி முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கும்தான் அப்போ டிகாக்‌ஷன் வாசனை தெரியாமப் போச்சு. ஆத்துல பால் அடிப்பிடிச்சதுகூடத் தெரியலை. ஆனா நான் சிலிண்டரைத் தூக்கிண்டு ஊர்க்காரா ஆத்துக்கெல்லாம் போறதில்லையே” என்றார்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். மாமி என் பக்கம் திரும்பி, மூக்கு இல்லாமல் கசிவு பார்க்க முடியாதா என்று கேட்டார். முடியும் என்றேன். வால்வின் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரெகுலேட்டர் மாட்டிய பிறகு இணைப்பில் சோப்பு நுரை தடவினால் போதும். இவற்றைத்தான் ஒவ்வொரு முறையும் பாடமாகச் சொல்கிறேன், யாரும் செய்வதில்லை என்பதையும் சொன்னேன். ஆனால் கோடவுனுக்குள் இவர் தனியாகப் போகவே கூடாது. அதற்கு மாற்று என்னிடம் இல்லை.

“அப்போ திங்கக்கிழமைலேர்ந்து எல்லாரும் தண்ணிதான். மூக்கை நீட்டினேள்னு தெரிஞ்சா எனக்குக் கோவம் வரும். நைனா, நீ பாயோட வண்டியில மட்டும் போ. கோடவுன் வேண்டாம்.”

நைனா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். முடிச்சு எளிதில் அவிழவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். வேலை போகாமல் தப்பியது. ஆனாலும் அந்தச் சாவி மேஜையைத் தொட்ட சத்தம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பாய் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே வந்து, “என் மூக்கு ரெண்டு பேத்துக்கும் போதும்னு நெனச்சேன் மேடம்” என்றார்.

“நீங்க லீவு போட்டா?”

அவர் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

வண்டிகளில் தண்ணீர் பாட்டிலும், நுரைக்கு ஷாம்பூ பாக்கெட்டும் ஏறின. வேறொரு ஏஜென்சிக்காரர்கள் இவர்களை ‘சலூன் கடை’ என்று கிண்டல் செய்ததாகக் கேள்விப்பட்டேன். மாடியில் கை தூக்கும் போட்டியை நிறுத்திவிட்டேன். எல்லோரும் சிலிண்டரைச் சுற்றிக் குந்தி, குமிழி வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு காலையில், டீ வருவதற்குக் காத்திருந்தபோது நைனா கேட்டார்.

“கேஸ் வாசன எப்டி இருக்கும்னே மறந்து போச்சு மச்சி. சொல்லேன்.”

ஒருவர் அழுகின முட்டை என்றார். இன்னொருவர் பூண்டு என்றார். பூண்டு சாப்பாட்டுச் சாமான், அதைப் போய் இதோடு சேர்க்காதே என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். சாக்கடை என்ற கட்சியும் இருந்தது. தினமும் முகர்ந்த மூக்குகள் அத்தனையும் ஒத்துப்போகவில்லை. நைனா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் பாய் சொன்னார்: “நம்ம வண்டில சீட்டுக்கு அடியில, கொரோனாவுக்கு முன்னாடி ஒருக்கா முட்டைகோஸ் வாங்கி வெச்சு மறந்துட்ட பாரு, மழைல ஊறிக்கினு கெடந்துச்சே. அதான்.”

நைனா கீழே நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார்.

“ஆங்” என்றார். “அது தெரியும்.”