மெதுவாக ஓடினால் வரும் சத்தம்

என் காரின் முன் இடது சில்லில் சத்தம் வருவதை முதலில் கேட்டவள் என் மனைவி. அவள் இருக்கிற பக்கம் அது. டக், டக், டக் என்று கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும்.

"இஞ்சருங்கோ, இப்ப கேட்டதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லையப்பா."

"உங்களுக்குக் காதும் போட்டுது."

இரண்டு நாள் கழித்து நானும் கேட்டேன். பழைய ஜப்பான் கார். அதை ஹயருக்கு ஓடித்தான் பிழைக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தக்காரரும் கோயிலுக்குப் போகிற வயதானவர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் மெதுவாக ஓடுகிறவன். இந்த ஊரில் மான்கள் மாடுகளைப் போல வீதியைக் கடக்கும். கடற்கரைப் பக்கம் அவற்றுக்கு ஹோர்ன் அடித்தாலும் விளங்காது. வேகமாக ஓடி என்ன செய்வது?

அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்தான் என் சகலன் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார். மனைவியின் அக்காவின் கணவர். அவர்களுடைய வீடு எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். அங்கே அவர் பெரிய லொறி ஓடுகிறார். என்னைவிட மூத்தவர், அதனால் என்னைத் 'தம்பி' என்பார். என் மனைவி அவரை 'அத்தான்' என்பாள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவளுடைய குரல் கொஞ்சம் மேலே போகும். கல்யாணமான நாளிலிருந்து நான் அதைக் கேட்டு வருகிறேன். மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள், வேறு யாரிடம் சொல்வது? அதனால் சொன்னதில்லை.

அவர் வேலியடியில் நின்று பாலைவனத்தில் ரயர் வெடித்த கதை சொல்வார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் தெரியாது. என்னிடமும் கதை இருக்கிறது. ஆனால் நான் தொடங்கினால், முடிகிற இடத்தை அவளே முந்திச் சொல்லிவிடுவாள்.

சத்தத்தைப் பற்றி அவரிடம் சொன்னதும் அவள்தான்.

"திறப்பைத் தாரும் தம்பி, ஒரு ஓட்டம் ஓடிப் பாப்பம்" என்றார்.

அவளும் அக்காவும் ஏறினார்கள். நானும் ஏறினேன், பின்னுக்கு. நிலாவெளி வீதியில் அவர் மிதித்த மிதியில் தென்னை மரங்கள் எல்லாம் ஒரே மரமாகத் தெரிந்தன. போய்த் திரும்பும்வரை ஒரு சத்தமும் வரவில்லை. வீட்டு வாசலில் டக்கென்று பிறேக் அடித்து நிறுத்தி, திறப்பை என் கையில் வைத்தார்.

"சத்தம் காரில இல்லை தம்பி. ஓட்டத்தில."

என் மனைவி சிரித்தாள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த நாள் நான் ஓட, வந்தது. அதற்கடுத்த நாள் அவர் கடைக்குக் கொண்டுபோக, வரவில்லை. "அத்தான் ஓடினால் வருதில்லையே" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உட்துறைமுக வீதிப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக், கிண்ணியா நானாவிடம் கொண்டுபோனேன். அவர் சில்லின் மூடியைக் கழற்றி நிலத்தில் போட்டார், ஜக்கு அடித்தார், சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், சுற்றிவிட்டார். சத்தமில்லை.

"பெயாரிங் நல்லாக் கிடக்கு. பிறேக்கும் நல்லம். எப்ப வருது?"

"நினைச்ச நேரம் வருது நானா."

"அப்ப நினைக்காம ஓடுங்கோ" என்று மூடியைத் தட்டிப் பூட்டினார். கராஜ் வாசலைத் தாண்டவில்லை, டக், டக்.

அந்தக் கிழமைதான் குச்சவெளியிலிருந்து என் மகளுக்கு ஒரு சம்பந்தம் சரிவந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். மனைவி குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி சொன்னாள்:

"அண்டைக்கு அத்தானே ஓடட்டும். டக் டக் எண்டு கொண்டுபோய் ஆக்களின்ர வாசலில நிப்பாட்ட ஏலுமே? வெக்கம்."

என் மகளின் காரியத்துக்கு, என் காரில், நான் பின்னுக்கு இருந்து போவது. கிணற்றடியில் முகம் கழுவும்போதும் அதுதான். ஸ்டியரிங்கில் அவருடைய கை, பக்கத்தில் அவளுடைய சிரிப்பு.

சனிக்கிழமை விடியற்காலை காரை எடுத்துத் தனியே போனேன். சத்தம் வந்தது. ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம், சில்லு இடப்பக்கம். ஒரே ஆள் ஓடவும் வேண்டும், குனிந்து கேட்கவும் வேண்டும் என்றால் எப்படி? திரும்பி வந்து மனைவியைக் கூப்பிட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"ஒருக்கா வாரும். நீர் இறங்கிச் சில்லோட நடந்து வாரும். நான் மெல்ல உருட்டுறன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கடற்கரை வீதியில் கார் உருண்டது. அவள் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, சில்லோடு நடந்தாள். எதிரே வந்த ஆட்டோக்காரப் பெடியன் வேகத்தைக் குறைத்தான்.

"என்ன அக்கா, அண்ணை கோவிச்சு இறக்கிவிட்டிட்டாரோ?"

"ஓம் தம்பி, பாரம் கூடிப்போச்சாம்!"

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்து கார் நின்றுவிட்டது. "சிரிக்காமல் ஓடுங்கோ" என்று கதவில் தட்டினாள். திரும்ப உருட்டினேன். டக், டக்.

"சில்லுக்க இல்லை. மூடிக்குள்ள. நிப்பாட்டுங்கோ!"

இறங்கி மூடியை நெம்பிக் கழற்றி உதறினேன். உள்ளே கம்பி வளையத்தோடு அப்பியிருந்த சேற்றுக் கட்டி உடைந்து விழுந்தது. அதன் பின்னால், மூடிக்குள் ஆடிக்கொண்டு கிடந்த ஒரு சிரட்டைத் துண்டும் விழுந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். சகலன் லீவில் வந்த புதிதில் பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் அடித்தார். தேங்காய்த் தண்ணி வாகனத்தில் பட வேணும் என்று சொல்லி, காரைக் கல்லுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். அடித்த அடியில் சிரட்டை நாலு பக்கமும் பறந்தது. ஒரு துண்டு மூடியின் ஓட்டைக்குள்ளால் போயிருக்கிறது. வேகமாக ஓடினால் அது விளிம்போடு ஒட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும். மெதுவாக உருண்டால் விழுந்து விழுந்து தட்டும். நானா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சில்லைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வேலியடிக்கு ஓடினாள். "அத்தான், உங்கட தேங்காய்தான் அது!" என்று துண்டைக் காட்டினாள். இனி அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப பிள்ளையாரெல்லோ உங்களோட கூட வந்திருக்கிறார்! அதுதான் சம்பந்தம் சரிவந்தது" என்றார்.

அவள் சிரித்துச் சிரித்து வேலிக் கம்பியைப் பிடித்தாள். நான் துண்டை வாங்கி எறிந்துவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஓடினேன். அவள்தான் திறப்பை எடுத்து என் கையில் தந்தாள். பக்கத்து சீற்றில் ஏறியதும் அவள்தான். சகலனும் அக்காவும் பின்னுக்கு. உப்புவெளி தாண்டுவதற்குள் அவர் லொறிக் கதையைத் தொடங்கிவிட்டார். அவள் கழுத்தைப் பின்பக்கம் திருப்பியவள், இறக்கக்கண்டிப் பாலம் வந்தும் திரும்பவில்லை. எனக்கு அவளுடைய கொண்டையும் அதில் வைத்த பூவும்தான் தெரிந்தன. கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது.

குச்சவெளியில் மாப்பிள்ளை வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பினேன். மணல் ஒழுங்கை. வேகத்தைக் குறைத்தேன். அவள் சட்டென்று கையைப் பின்னுக்கு நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான்."

சகலன் பாதிக் கதையில் வாயை மூடினார். அவள் கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்து, சில்லைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வருதோ?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"வடிவாக் கேளுங்கோ."

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. நான் இன்னும் மெதுவாக உருட்டினேன்.