மிதித்தால் வருகிற புகை

டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டச் சொல்வார். எங்கள் தொழிலில் நேராகச் சைலன்சர் பக்கம் போய்க் குனிந்துவிடுவோம். திண்டுக்கல்லில், கரூர் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் குனிந்துகொண்டிருக்கிறேன்.

பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிப்பீர்கள். பின்னால் வருகிற பைக்குக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "சார், புகை!" என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். நீங்கள் கண்ணாடியில் பார்ப்பதற்குள் அது கலைந்திருக்கும். உங்கள் காரின் புகை ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் நான் இருக்கிறேன். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, கலையாமல் நின்றால் தண்ணீர் உள்ளே போகிறது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும்.

மச்சான் ஓட்டினால் மட்டும்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் பழனிச்சாமி மனைவியோடு வந்து இறங்கினார். கடையும் சரி, காரும் சரி, அவருக்கும் அவர் மனைவியின் தம்பிக்கும் பொது. "ஏனுங்க, நான் ஓட்டுனா இந்த வண்டி ஒண்ணும் பண்றதில்லைங்க. மச்சான் எடுத்தாத்தான் கன்னங்கரேல்னு பொகை கக்குது. வண்டியையே பாழாக்கிப் போட்டானுங்க" என்றார். மச்சானுக்குச் சாவி கொடுப்பதை நிறுத்தி ஆறு மாதமாம். ஒரே கடையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. "தக்காளி வெலை என்னன்னு கேக்கறதுக்குக்கூட எனக்குத்தான் போன் போடறாங்க" என்றார் அந்த அம்மா.

மச்சானையும் வரச் சொல்லி, நால்வழிச் சாலைக்குக் கூட்டிப் போனேன். முதலில் மச்சான் ஓட்டினார். நான் பைக்கில் பின்னால் போனேன், பழனிச்சாமி என் பின்சீட்டில். மச்சான் ஒரு மிதி மிதித்தார், கறுப்பாகக் கிளம்பியது. "பாத்துக்கங்க!" என்று என் தோளை உலுக்கினார் மனுஷர். அடுத்து அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் என் பைக்கில் பின்னால் வந்தார். நாற்பதைத் தாண்டவே மாட்டேன் என்கிறார் பழனிச்சாமி. ரோடு காலியாக இருந்தது. முன்னால் ஒரு டிராக்டர். "அதை முந்துங்க, முழுசா அமுத்துங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அமுத்தினார். பின்னாலிருந்து அந்த அம்மா கூவினார்: "வந்துருச்சு! உங்களுக்கும் வந்துருச்சுங்க!"

உள்ளே போகிற காற்றை அளந்து சொல்கிற சென்சார் கெட்டுப்போய், மிதிக்கும்போதெல்லாம் பெட்ரோலை வாரி இறைத்திருக்கிறது. மெதுவாகப் போகிறவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் திரும்பியதும் பழனிச்சாமி எதிர்க் கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கிவந்தார். ஒன்றை மச்சான் முகத்தைப் பார்க்காமலே அவர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அமுத்துனா யாருக்குத்தானுங்க பொகை வராது?"

ஊற்றிக்கொண்டே இருந்தவர்

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ராமசாமி ஐயாவின் கார், மேடு ஏறினால் நீலப் புகை விட்டது. என்ஜின் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஆயில் நின்றது. "யாருய்யா இம்புட்டு ஊத்துனது?" என்றேன். அவர்தான். வீட்டு வாசல் சரிவில் காரை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பார்ப்பாராம். சரிவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, கம்பியில் கம்மியாகத் தெரியும். உடனே கொஞ்சம் ஊற்றுவார். மறுநாளும் பார்ப்பார், மறுபடியும் ஊற்றுவார். "மெசினு எண்ணெய் இல்லாம ஓடுனா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாது தம்பி. நான் முப்பது வருசம் பாத்தவன்" என்றார். கூடிப்போன ஆயில்தான் பிஸ்டனைத் தாண்டி மேலே ஏறி எரிந்துகொண்டிருந்தது.

அடியில் பேசின் வைத்து, கூடுதலாக இருந்ததை வடித்தேன். பிள்ளைக்கு ஊசி போடும்போது நிற்கிற தகப்பன் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அளவு சரியானதும் ஓட்டிக் காட்டினேன், புகை இல்லை. பானெட்டை மூடப் போனவர் ஒரு நிமிடம் என்ஜினையே பார்த்தார். "வயிறு நெறஞ்சா போதும்னு அது சொல்ல வேணாமாப்பா?"

மார்கழி

இது சின்ன விஷயம். பேகம்பூரிலிருந்து காலை ஆறரை மணிக்குப் போன்: "வண்டி குபுகுபுன்னு வெள்ளையாப் பொகையுது, ஒடனே வாங்க." போனேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி. பையன் நனைத்த சாக்கோடு கார் பின்னால் தயாராக நிற்கிறான். நான் போவதற்குள் என்ஜின் சூடாகிப் புகையே நின்றுவிட்டது. பனிக்காலத்தில் நம் வாயிலிருந்து வருகிறது பாருங்கள், அதே ஆவிதான் என்று விளக்கினேன். ராத்திரி முழுக்க வெளியே குளிரில் நின்ற வண்டி, காலையில் கொஞ்ச நேரம் அப்படித்தான் விடும் என்றேன். அந்தப் பெண் அக்கறையோடு கேட்டாள்: "அப்ப படுக்கப் போறப்ப ஒரு போர்வையப் போத்திவிட்டாச் சரியாப் போயிருமாண்ணே?"

மூக்கு இல்லாத மூன்று மாதம்

ஒரு காய்ச்சல் வந்து போனதோடு என் மூக்கு செத்துவிட்டது. வாசனை என்பதே இல்லை. மற்றவர்களுக்குச் சாப்பாட்டு ருசி போகும், அவ்வளவுதான். எனக்குத் தொழிலே போனது. மத்தியான வெயிலில் வெளிர் நீலமும் வெள்ளையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எது எது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. இது திரும்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் எரியோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மறுநாள் விடிந்ததும் மகளைத் திருச்சியில் காலேஜில் சேர்க்கப் போகிறார்கள். வண்டியை மிதித்தால் பின்னால் வெளிறிய புகை. ஆயில் என்றால் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் என்றால் வழியில் என்ஜின் கொதித்து நின்றுவிடும். நானும் குனிந்து குனிந்து மோந்து பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்துக் கடை பிரியாணி மாஸ்டர் காசிம் பாய் எதற்கோ வெளியே வந்தார். அவரைத் தனியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். "பாய், செத்த நேரம் வந்து இதை மோந்து பாத்துச் சொல்லுங்க."

காசிம் பாய் சிரிக்கவில்லை. கையைக் கழுவி, தோள் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, சைலன்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மிதித்தேன். கண்ணை மூடி, தேக்சா மூடியைத் திறந்து தம் பார்க்கிற மாதிரி மெல்ல இழுத்தார். "எண்ணெ இல்ல செல்வம். இனிக்குது. சர்க்கரைப் பாகு லேசா அடிப்பிடிச்ச மாதிரி." எனக்கு உயிர் வந்தது. ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் எரிந்தால் அந்த வாடைதான். வண்டியை எடுக்கவே கூடாது என்று சொல்லி அவர்களைப் பஸ்ஸில் அனுப்பினேன். அவர்கள் போன பிறகு என்ஜின் தலையைக் கழற்றிப் பார்த்தால், அடியில் இருக்கிற கேஸ்கெட் தகடு வெந்து தண்ணீருக்கு வழி விட்டிருந்தது. திருச்சிக்குப் பாதித் தூரம்கூடப் போயிருக்காது.

அன்றிலிருந்து காசிம் பாய்தான் என் மூக்கு. பார்சலுக்கு ஆள் நிற்கும்போதுகூட, "ரெண்டு நிமிசம் அத்தா, ஒரு வண்டி பாத்துட்டு வாரேன்" என்று ஓடிவருவார். மத்தியானமானால் என்னைக் கூப்பிட்டு, தம் பிரிக்கிற நேரம் தேக்சாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். "நல்லா இழு, ஏதாச்சும் தெரியுதா?" என்பார். தெரியாது. மறுநாளும் கூப்பிடுவார்.

மூன்றாவது மாதம் ஒரு காலை, ஒரு கிழட்டுக் காரை மிதித்துவிட்டுப் பின்னால் போய்க் குனிந்தேன். கருகின ஆயில் நாற்றம் மண்டையில் அடித்தது. அப்படியே தரையில் மண்டி போட்டு, மல்லிகைப்பூ மாதிரி அதை இழுத்து இழுத்து மோந்தேன். கண்ணில் தண்ணீர், புகையாலா எதனாலா தெரியவில்லை. "பாய்! வந்துருச்சு!" என்று கத்தினேன். கரண்டியோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், சைலன்சரைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோபமாகக் கேட்டார்: "மூணு மாசமா எம் பிரியாணிக்குத் தெறக்காத மூக்கு, இந்தக் கருகுன எண்ணெய்க்கா தெறக்கணும்?"

நான் தோற்ற கதை

இதையும் சொல்லத்தான் வேண்டும். பரிமளா வேடசந்தூரில் நர்ஸ். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாகப் பஸ் கிடையாது என்பதால் ஒரு பழைய கார் வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர். மிதித்தால் நீலப் புகை. ஒருமுறை பார்த்தேன், ஒருமுறை மோந்தேன். "பிஸ்டன் ரிங் போச்சும்மா, என்ஜினை இறக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "வேற ஏதாவது இருக்குமாண்ணே?" என்று கேட்டார். "இருபது வருசமா பாக்குறேன்" என்றேன். அந்தப் பதில் இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

பதினொரு நாள். தினமும் இரண்டு பஸ் மாறி அவர் வேலைக்குப் போனார். என்ஜினைப் பிரித்தால், ஆயிலை மேலே விடாமல் தடுக்கிற ரிங் நான்கு பிஸ்டனிலும் பளபளவென்று இருக்கிறது. பிரித்த பாகங்களை எல்லாம் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்ததில், கட்டைவிரல் அளவு ஒரு வால்வு அகப்பட்டது. என்ஜின் வயிற்றுக்குள் சேருகிற ஆவி வெளியே போகிற வழி அது. குலுக்கினால் கடகடக்க வேண்டியது, கசடு ஏறி அடைத்திருந்தது. போக வழியில்லாத ஆவி ஆயிலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு காற்றுக் குழாயில் ஏறி எரிந்திருக்கிறது. முதல் நாளே அதைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

புது வால்வைப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, ஓட்டிப் பார்த்தேன், புகை இல்லை. "ரிங் மாத்தியாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. அவர் ட்யூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து நின்றபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. பழைய வால்வை உள்ளங்கையில் வைத்து நீட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். எதற்கும் தயாராகத் தலையைக் குனிந்து நின்றேன். அவர் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு: "வயித்துவலின்னு வந்த ஆளை அறுத்துப் பாத்துட்டு, வெறும் வாயுதான்னு சொல்றீங்களேண்ணே!"

ஆக, இத்தனை வருடம் கார்களுக்குப் பின்னால் நின்றதில் எனக்கு மிச்சம், ஒரு முதுகுவலியும், எந்த ரோட்டிலும் முன்னால் போகிற வண்டியை நிம்மதியாகப் பார்க்க முடியாத ஒரு வியாதியும்தான்.