போகியன்று பாடிய ரம்பம்

என் அப்பாவின் இரண்டாம் கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு ரம்பம். அதை வாசித்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற பகுதியில், பலகை வீடுகள் வரிசையாக நின்ற ஒரு சந்தில் குடியிருந்தோம்.

ரம்பத்தை வாசிப்பதாவது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் வாய் பிளந்தேன். மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், வந்த ஆண்டில் எங்கள் ஊர்ப் பண்டார் ஹிலிர் திடலில் ஒரு கொண்டாட்ட மேடை போட்டிருந்தார்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைரம்பத்தின் பிடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, நுனியை இடது கையால் வளைத்து, வயலின் வில்லால் அதன் முதுகைத் தேய்த்தார். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. யாரோ ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு சுவருக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மா காய்ச்சலில் இறந்திருந்தார். துணி அலசும்போது அம்மா அப்படித்தான் வாய் திறக்காமல் ஒரு தாலாட்டை முனகிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் எனக்கு நாளுக்கு நாள் மறந்துகொண்டு வந்தது. அதை அந்த மேடையில் திரும்பக் கேட்டேன்.

அப்பா தச்சர். வீட்டில் ரம்பத்துக்குப் பஞ்சமில்லை. மறுநாளே ஒன்றை எடுத்து வளைத்து, கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். தகரக்கூரையில் தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம் வந்தது. "பல்லு சாஞ்சிரும், வெச்சிரு கழுதை!" என்று அப்பா கத்தினார். கோயில் தவில்காரரிடம் போய்க் கேட்டேன். "நாளைக்குச் சுத்தியலையும் கொண்டாம்மா, கச்சேரி வெச்சிரலாம்" என்றார். மாதாகோயிலில் வயலின் வாசிப்பவர், அது சர்க்கஸ்காரன் வேலை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லித்தர ஆள் இல்லாத வித்தை என்று ஒன்று உண்டென்பது அன்று எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என்னைத் தையல் படிக்க அனுப்பினார். எங்கள் சந்தின் கோடி வீட்டில் ஒரு தையல் அக்கா இருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி சமூகத்தவர். சாமியெல்லாம் நம் சாமிதான், ஆனால் வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். தமிழ் அவர் வாயில் தட்டுத் தடுமாறித்தான் வரும். முப்பது வயதிருக்கும், தனியாக இருந்தார். அவர் வீட்டுப் பின்னறைச் சுவரில் பழம்புடவை சுற்றிய ஒரு பொருள் தொங்கிக்கொண்டிருந்தது. நூல்கண்டு எடுக்கப் போன நான் கை சும்மா இராமல் அதை அவிழ்த்தேன். உள்ளே பல் மழுங்கிய ரம்பம் ஒன்றும் ஒரு வில்லும் இருந்தன.

அவருடைய அப்பா பங்சவான் என்ற மலாய் இசைநாடகக் குழுவில் பிடில்காரராம். திரை மாற்றும் நேரத்தில், சிறுமியாக இருந்த இவர் ரம்பம் வாசிப்பாராம். ஓர் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, பாடுவது தன் பிள்ளைதான் என்று மேடையேறித் தேட ஆரம்பித்துவிட்டாளாம். அன்றோடு சுற்றி வைத்ததுதான். "இது ஆள் இல்லாத குரல். வெளிய கேட்டா ஜனங்க தாக்குட், பயப்படும்" என்றார். நான் அழுது அடம்பிடித்தேன். கடைசியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஜன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்துவிட்டு, சொல்லித்தர ஆரம்பித்தார்.

அவர் போல் சொல்லித்தர இன்றுவரை நான் யாரையும் கண்டதில்லை. ரம்பத்தை ஒரே பக்கமாக வளைத்தால் பாடாது. நடுவில் ஒரு வளைவு, நுனிக்கருகில் அதற்கு எதிராக இன்னொரு வளைவு என்று பாம்பு நெளிவது போல வளைக்க வேண்டும். இரண்டு வளைவுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது, அங்கே மட்டும்தான் அது வாய் திறக்கும். வளைவைக் கூட்டினால் குரல் ஏறும், அந்த இடமும் நுனியை நோக்கி நகரும். நம் வில்லும் கூடவே நகர வேண்டும். குதிகாலை லேசாக ஆட்டினால் குரல் நடுங்கும். முதல் மாதம் முழுக்கக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். "பெலான், பெலான். மெதுவா. நீ பாட வைக்காத, அதுவா பாடட்டும்" என்பார். இரண்டாவது மாதத்தில் ஒருநாள் அது பாடிவிட்டது. வில்லை எடுத்த பிறகும் நிற்கவில்லை. தையல் அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். எனக்கோ ரம்பத்தைக் கீழே வைக்கவே பயமாக இருந்தது.

பழைய வில்லை எனக்கே கொடுத்தார். வீட்டில் ஆளில்லாத வேளையில் அப்பாவின் ரம்பத்தில் அம்மாவின் தாலாட்டைத் தேடிப் பிடித்தேன். அதை மட்டும் தையல் அக்காவிடம் வாசித்துக் காட்டவில்லை. அது என்னுடையது.

மார்கழிக் கடைசியில் அத்தையும் அப்பாவும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"தை பொறந்ததும் கோயில்ல மாலை மாத்திக்கிட்டாப் போதும். புள்ளகிட்ட இப்ப சொல்லாத" என்றார் அத்தை.

"போகிப் படையல்ல அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்கா. அவ சரின்னா சரி."

வரப்போவது யாரென்று அவர்கள் சொல்லவில்லை. எனக்கு அது தேவையாகவும் இல்லை. யாராக இருந்தாலும் அம்மாவின் இடத்துக்கு வருகிறவள். அம்மாவிடம் கேட்கப் போகிறாரா, கேட்கட்டும் என்று கறுவிக்கொண்டேன்.

போகியன்று எங்கள் சந்தில் எல்லார் வீட்டிலும் செத்தவர்களுக்குச் சாப்பாடு. சிட்டி வீடுகளில் பார்ச்சு என்பார்கள், நாங்கள் படையல் என்போம். இலையில் எல்லாவற்றையும் பரிமாறி, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். ஒரு வெற்றிலை போடும் நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதுவரை யாரும் பேசக்கூடாது. உச்சி வெயிலில் சந்து முழுவதும் கதவுகள் சாத்தியிருந்தன. வாசல்தோறும் மனிதர்கள் வாய்மூடி நின்றார்கள். ஒரு கோழிகூடக் கத்தவில்லை.

அப்பா அம்மாவின் படத்தின் முன் நின்று என்னவோ முணுமுணுத்தார். கதவு சாத்தியதும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். படையல் அறையின் பின்சுவருக்கு வெளியே, விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து ரம்பத்தை வளைத்தேன்.

அந்தத் தாலாட்டை அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் வாசித்ததில்லை. பலகைச் சுவர் அந்தக் குரலை உறிஞ்சி அறைக்குள் விட்டது. குரல் உள்ளேயிருந்துதான் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், என் காதுக்கே அப்படித்தான் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் வில்லை எடுத்தேன். அது நிற்கவில்லை. அடுத்த சொல்லைத் தேடுவது போல இழுத்துக்கொண்டே இருந்தது. பலகை இடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை என் முகத்துக்கு வந்தது. யாரோ அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து கேட்பது போலத் தோன்றியது. ரம்பத்தை விறகுக்குள் சொருகிவிட்டு முன்பக்கம் ஓடினேன்.

அப்பா தட்டாமலே கதவைத் திறந்திருந்தார். இலையின் முன் மண்டியிட்டு, குழந்தை போலத் தேம்பிக்கொண்டிருந்தார். "சரி புள்ள. நீ வேணாம்னா வேணாம். அழுவாத" என்றார் அம்மாவின் படத்திடம். அத்தை வாசற்காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சந்தில் பல பேர் கேட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை, அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வெகுநாள் பயந்தேன்.

பத்து நாள் கழித்து வில்லை எடுத்துக்கொண்டு தையல் அக்கா வீட்டுக்குப் போனேன். துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். கண்கள் வீங்கியிருந்தன, பிரயாணக் கவலை என்று எண்ணிக்கொண்டேன். சுவரிலிருந்த ரம்பத்தை எடுத்து என் மடியில் வைத்து, பின்னாலிருந்து என் இடது கையைப் பிடித்தார்.

"மேல ஏறுற எடத்துல வில்லை அவசரமா எடுக்கிறே. அங்க நிக்கணும். இப்பிடி."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு ஒரு மெட்டை முனகிக் காட்டினார். அது அம்மாவின் தாலாட்டு. அவர் பிடித்த கையோடு வாசித்தேன், அந்த இடம் சரியாக வந்தது. 'இந்தப் பாட்டு அக்காவுக்கும் தெரியும் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அப்பா அதன் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தாறு வருடம் தன் சோற்றைத் தானே வடித்துத் தின்றார். என் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த அன்றுதான் அத்தை பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் கோடி வீட்டுத் தையக்காரி இருந்திருந்தா காசு வாங்காம தெச்சிருப்பா. உனக்கு அம்மாவா வர வேண்டியவ. நீ அவகிட்ட ஒட்டணும்னுதானே உன்னைத் தையலுக்கு அனுப்பினோம்?"

அந்தத் தாலாட்டை அவர் எங்கே கேட்டிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகியன்று அந்தச் சந்தில் அது ரம்பம் என்று அறிந்த ஒரே ஆள் அவர். யார் கை என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கல்யாணம் நடந்திருக்கும், எனக்கு முதுகுத் தோல் உரிந்திருக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன் வாழ்க்கையைக் கெடுத்த வாசிப்பில் இருந்த பிழையை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.