கூரைச் சந்தில் செருகிய சாக்கு

வெயில் ஏற ஏறத் தகரம் டக் டக்கென்று சத்தம் போடத் தொடங்கும்... யாரோ மேலே உட்கார்ந்து விரல் சொடுக்குவதுபோல. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் சுவருக்கு மேலே இருக்கும் சந்தைத்தான் அண்ணாந்து பார்ப்பேன்.

தோழிகள் நீங்கள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். "ஏன்க்கா, மழை பேஞ்சா சாரல் உள்ள அடிக்குதே, அந்தச் சந்த அடைச்சாதான் என்ன?" என்று. நானும் மழுப்பிக்கொண்டே வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் மலாயாவில் யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு முதலில் அத்தாப்பு ஓலைக் கூரைதான். ஒழுகும், பூரான் விழும்... ஆனால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பிறகு ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் அடித்தார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"தொரை பங்களா கணக்கா இல்ல?" என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி அண்ணாந்து பார்த்தோம்.

தகரம் அடித்த சீன ஆசாரி, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் சந்து விட்டிருந்தான். அதைக் காட்டி, "ஆங்ஙின், ஆங்ஙின்" என்று மலாயில் சொல்லிக் கையை விசிறிக் காட்டினான். காற்று வர வேண்டுமாம், அடைக்கக் கூடாதாம். நாங்கள் சிரித்தோம். காற்றைப் போய் யாராவது அடைப்பார்களா?

நாங்கள்தான் அடைத்தோம்.

என் வீட்டுக்காரருக்குப் புகைவீட்டில் வேலை. ஈர ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகைபோடுகிற இடம். அதன் உச்சியில் பலகைக் கதவுகள் இருக்கும், கயிற்றை இழுத்தால் திறக்கும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சூடு உள்ளேயே தங்கினால் ஷீட் கொப்புளம் கொப்புளமாகக் கெட்டுப்போகும். அவர் கையில் ஒரு ஷீட்கூடக் கெட்டதில்லை என்று கணக்கு எழுதும் கிராணியே சொல்லுவார். அன்றைக்கெல்லாம் மனுஷருக்குப் பெருமை பிடிபடாது. சட்டையில் எப்போதும் அந்தப் புகை வாசம்... எவ்வளவு துவைத்தாலும் போகாது.

தகரம் போட்ட லயத்தில் முதல் பிரசவம் எனக்குத்தான். பெண் குழந்தை. தலை நிறைய முடி. "மூக்கு என்னோடதுதான?" என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்பது நம்மில் யாருக்குத் தெரியாது? பிரசவம் பார்த்த முனியம்மா அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டுப் பதறினார். "என்னய்யா இது, இம்மாம் பெரிய சந்து? காத்து பட்டா புள்ள பெத்தவளுக்குச் சன்னி கண்டுரும்."

ஓலை வீட்டிலும் அப்படித்தானே செய்தோம்? கதவைச் சாத்தி, நெருப்புச் சட்டி வைத்து, சாம்பிராணி போட்டு... எல்லாரும் பிழைத்து எழுந்தார்கள். ஓலை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து அரிசிச் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார். பெட்டியின் மேல் ஏறி நின்று, விரல் நுழைய இடமில்லாமல் செருகினார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷர். இறங்கி வந்து, "இனிமே ஒரு பொட்டுக் காத்து வராது. பயப்படாம படு" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். முனியம்மா அக்கா நெருப்புச் சட்டியை வைத்து, கதவைச் சாத்திவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்.

வெயில் ஏறியது. தகரம் டக் டக்...

குழந்தை முதலில் அழுதாள். அப்புறம் சிணுங்கினாள். எனக்கு மண்டை கனத்தது, கண் சொருகியது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. பக்கத்தில் அவள் உடம்பு கொதித்தது. அதுவரைக்கும்தான் ஞாபகம்.

கண் விழித்தபோது வாசலில் கிடந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் உள்ளே சாக்குகளைப் பிடுங்கி வீசிக்கொண்டிருந்தார். குழந்தை எங்கே என்று கேட்டேன். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

அவர் புகைவீட்டிலிருந்து ஓடி வந்து நின்றார். டிரெஸ்ஸர் கையில் சாக்கோடு திரும்பினார். "ரப்பர் ஷீட்டுக்குப் பாத்துப் பாத்துக் காத்துத் திறந்து விடுறனீர். பெத்த பிள்ளைக்கு ஏன் ஓய் அடைச்சனீர்?"

டிரெஸ்ஸர் கெட்டவர் இல்லை. மனசு தாங்காமல் கேட்டுவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் புகைவீட்டுப் பக்கம் போகவில்லை. கிராணி கூப்பிட்டுப் பார்த்தார். "வேற ஆளப் பாருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவரும் பால் வெட்டப் போய்விட்டார்.

சாமி குற்றம் என்றார்கள், கண் பட்டது என்றார்கள், தலைவிதி என்றார்கள். விதி என்று நம்ப முடிந்திருந்தால் எப்படியோ ஆறியிருக்கும்.

இப்போது சாஆ என்ற ஊர்ப் பக்கம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கேயும் தகரம்தான், இங்கேயும் சந்து இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டில் பிரசவம் ஆனதும் சந்தில் சாக்கு ஏறிவிட்டது. கெஞ்சிப் பார்த்தேன். பிறகு நானே ஏறிப் பிடுங்கிப் போட்டேன். விடிந்து பார்த்தால் திரும்பவும் சாக்கு! "புள்ள இல்லாதவ கண்ணு..." என்று உள்ளே யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. வெயில் தலைகாட்டும் போதெல்லாம் அந்தக் குழந்தை அழுகிறதா என்று சுவரோரம் காது கொடுத்து நின்றேன். நல்லவேளை, மழை மாதம். பிழைத்துக்கொண்டது. சாக்கு வைத்ததால்தான் பிழைத்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். இந்த லயத்தில் அடுத்த பிரசவம் வெயில் காலத்தில் வரும்.

எங்கள் வீட்டுச் சந்தை ஏன் அடைப்பதில்லை என்று கேட்டீர்களே... மழை அடித்தால் சாரல் நேராகப் பாயில்தான் விழுகிறது. அவர் பாயை இழுத்துச் சுவரோரம் போடுவார். நானும் நகர்ந்து படுத்துக்கொள்வேன். காற்றுப் படக் கூடாத பச்சை உடம்பு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு இருந்ததில்லை.