முறுக்குக்கு அடியில் இருந்த பொட்டலம்

2006-ஆம் ஆண்டு. லீவு முடிந்து ஊரிலிருந்து ஷார்ஜா திரும்பியதும் வந்த முதல் வெள்ளிக்கிழமை. லீவில் போய் வருகிறவன் பெட்டியில் பாதிக்கு மேல் அடுத்தவர் வீட்டுச் சாமான்தான் இருக்கும். இடமில்லை என்று சொன்னால் அப்புறம் தெருவில் தலை காட்ட முடியாது. எங்கள் தெரு அம்மா ஒருவர், துபாய் தேரா பகுதியில் துணிக்கடையில் வேலை பார்க்கும் தன் மகனுக்கு ஒரு பார்சல் கொடுத்திருந்தார். துணிப்பையில் போட்டு, வாயைத் தைத்திருந்தார். தைத்ததைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையா? அப்படியே பெட்டியில் வைத்தேன். ஏர்போர்ட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிப் பார்சல் கைமாற பர் துபாய் பஸ் ஸ்டேஷன்தான் எல்லோருக்கும் தோது. ஷார்ஜா பஸ் அங்கேதான் வந்து நிற்கும். தேராவிலிருந்து க்ரீக் என்கிற கடற்கழியைக் கடந்து வரும் அப்ரா படகுக்கும் பக்கத்திலேயே துறை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்கே நின்றால் நம் ஊர்ச் சந்தையில் நிற்பது போலவே இருக்கும். அந்த அம்மாவின் மகனும் படகை விட்டு இறங்கி நேராக வந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும், எனக்கு முறுக்கு தர வேண்டும் என்று அங்கேயே தையலைப் பிரித்தார்.

முறுக்கு, இட்லிப் பொடி, கருவாடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் பொட்டலம். அதைப் பிரித்தவர் முகம் வெளிறிப் போனது. சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

"கசகசாண்ணே. இங்க இது போதைப்பொருள் கணக்கு. எங்க பக்கத்து ரூம் ஆளு இதக் கொண்டாந்துதான் ஜெயில்ல இருக்காரு."

குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற சாமானுக்கு ஜெயிலா? பிடித்திருந்தால் பெட்டி என்னுடையது, பாஸ்போர்ட் என்னுடையது. எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

கழிவறையில் கொட்டிவிட்டு வருகிறேன் என்று அவர் ஓடினார். பிரித்த பார்சல் என் மடியில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்து நின்று, "க்யா ஹை, பாய்?" என்று, என்ன இது என இந்தியில் கேட்டார். முறுக்கை நீட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருப்பது எள்தானா, வேறு ஏதாவதா என்று எனக்கு ஒரே பதற்றம். அவர் கடித்தார். "அச்சா" என்று சிரித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

கழிவறைக்கு ஓடியவர் திரும்பி வந்து தன் அம்மாவுக்குப் போன் போட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எல்லாம் நல்லாருக்கும்மா, இனிமே கசகசா மட்டும் வேணாம் என்று மெதுவாகச் சொல்லி வைத்தார்.

ஏதோ உறுத்தவே, நானும் என் மனைவிக்குப் போன் போட்டேன். எனக்குக் கொடுத்துவிட்ட மசாலாப் பொடியில் என்னவெல்லாம் வறுத்துப் போட்டாய் என்று கேட்டேன். பட்டை, கிராம்பு, சோம்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "கசகசாவும்தான். அது போடலன்னா ருசியே இல்லம்பீங்களே" என்றாள்.

அந்தப் பொடியில்தான் முந்தின நாள் எங்கள் ரூமில் குருமா வைத்தோம். மீதி டப்பாவோடு என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

இப்போதெல்லாம் யார் எது கொடுத்துவிட்டாலும் அவர்கள் கண்ணெதிரேயே பிரித்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைக்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். முதலில் நான் பிரிப்பது என் வீட்டில் ஆசையாகக் கட்டிக் கொடுத்ததைத்தான்.