சுவரில் வரைந்த சோடியம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். ஜெபத்தில் சொன்னதை மனுஷரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. போன வாரம் என் மகளின் அறிவியல் நோட்டில் மூன்று வட்டங்களைக் கண்டேன். உள்ளே இரண்டு புள்ளி, நடுவில் எட்டு, வெளிவட்டத்தில் ஒற்றைப் புள்ளி. சோடியம் அணு. அதே படம் பேட்டையில் நான் வேலைபார்த்த சோப்புப் பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் வரைந்து கிடந்தது.

வரைந்தவர் எங்கள் கெமிஸ்ட் அண்ணாச்சி. பட்டம் வாங்கியவர், அதைச் சட்டையைப்போல் தினமும் போட்டுக்கொண்டு வருவார். "அந்த ஒத்த எலக்ட்ரானை யாருக்காவது குடுத்தாத்தான் சோடியத்துக்கு நிம்மதி" என்று கம்பால் தட்டித் தட்டிச் சொல்லுவார். கொடுப்பதைப் பற்றி அவ்வளவு பேசிய மனுஷன் எங்களுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொடுத்ததில்லை. கேட்டால், "உப்புலயும் சோடியந்தாம்வே, ஆப்பச் சோடாவுலயும் சோடியந்தான். தின்னுட்டு உயிரோடதான இருக்கீரு?" என்பார். அதற்கு நாங்கள் சிரிக்கவும் வேண்டும்.

சோப்புக்காக, தோலை அரிக்கும் காஸ்டிக் சோடாவைக் கரைப்பது அங்கேயே வேலைபார்த்த என் சித்தி. பீப்பாயில் முதலில் தண்ணீர். பிறகு "இயேசப்பா" என்று சொல்லி, சோடாச் செதிலைச் சிரட்டை சிரட்டையாகப் பைய விடுவாள். அந்த ஜெபமும் அண்ணாச்சிக்கு இளக்காரம். ஒருநாள் லாரி வந்து நின்ற அவசரத்தில், ஒரு மூட்டைச் செதிலை அப்படியே காலிப் பீப்பாயில் அவரே கொட்டிவிட்டு, மேலே தண்ணீரை ஊற்றச் சித்தியிடம் சொன்னார்.

"தண்ணிலதான அண்ணாச்சி இதைப் போடணும்?"

"ஏட்டி, எனக்கே அணு சொல்லித் தாரியா? ரெண்டும் ஒண்ணுதான், ஊத்து!"

ஊற்றினாள். பீப்பாய் பொங்கிச் சீறியது. சித்தியின் வலது கண் போயிற்று.

சித்தியைக் குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஓடிவந்தார். "அவளா அவசரப்பட்டு ஊத்திட்டா" என்றார் கெமிஸ்ட். சுவரில் சாய்ந்து நின்றதில் அந்த வட்டங்கள் அவர் முதுகில் வெள்ளையாக ஒட்டியிருந்தன. முதலாளி என்னைப் பார்த்தார். வேலை போய்விடுமே என்று பயந்து, ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். இன்றுவரை எங்கள் சபையில் சித்திக்குப் பெயர் அவசரக்காரி. அவரோ கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து இன்னும் சோடியம் பேசுகிறாராம். மன்னிக்கச் சொல்லுகிறது வேதம், முயலுகிறேன். மதிக்க மட்டும் ஆகாது, அவரையும் அன்று தலையாட்டியவனையும்.

நோட்டைச் சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டி, நான் தலையாட்டியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதை இடக்கண்ணருகே பிடித்துப் புள்ளிகளை விரலால் தடவினாள்.

"தெரியும்லே. இந்தக் கண்ணு அன்னைக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

"எழுதுதேன் சித்தி" என்றேன்.

"எழுது. கூட்டாத, குறைக்காத."

வாசிக்கிறவர்களும் அப்படியே சொல்லுங்கள். ஊற்றியது என் சித்தி. ஊற்றச் சொன்னது அவர். தலையாட்டியது நான்.